ஆதரவின்மையும் ஆயுளும்: கருத்தரங்கத் தலைமை உரை

கட்டுரையாளர்கள் காத்திருக்கிறார்கள், சுருக்கமாகவே பேசுகிறேன்.

1965-இல் கலிபோர்னியாவின் அலமீடா கவுண்டியில் 6,928 பேரிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மணமானவரா, உறவினர் நண்பர்களோடு போக்குவரத்து உண்டா, தேவாலயத்தைச் சேர்ந்தவரா, ஏதேனும் சங்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டார்கள். அடுத்த ஒன்பது ஆண்டுகளில் இறந்தவர்களைக் கணக்கிட்டு, லிசா பெர்க்மனும் லியனார்ட் சைமும் 1979-இல் முடிவை வெளியிட்டார்கள். இத்தகைய சமூகப் பிணைப்பு மிகுந்தவர்களோடு ஒப்பிட்டால், அது மிகக் குறைந்த ஆண்களின் இறப்பு 2.3 மடங்கு, பெண்களுக்கு 2.8 மடங்கு. நோயாளிதானே ஒதுங்கிப்போகிறார், காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போடுகிறீர்களோ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தொடக்க உடல்நிலை, புகை, குடி, உடல் பருமன் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை.

ஆனால் இறப்பு எப்படி நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள சிகாகோவுக்குத்தான் போக வேண்டும். 1995 ஜூலையில் அங்கே அடித்த வெயிலில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். பிணவறையில் இடம் போதாமல் குளிர்சாதன லாரிகளை வரவழைத்து நிறுத்தினார்கள். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் அக்கம்பக்கத்துப் பகுதிகள் இரண்டை ஒப்பிட்டார். இரண்டிலும் ஏழைகள், தனித்து வாழும் முதியோர் உண்டு. வடக்கு லான்டேலில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள். தெற்கு லான்டேலில் 4 பேர். வடக்கில் கடைகள் மூடி, மனைகள் வெறிச்சோடி, கிழவர்கள் பயந்து கதவைத் தாழிட்டுக் கிடந்தார்கள். தெற்கில் தெரு நிறையக் கடைகளும் ஆள் நடமாட்டமும் இருந்ததால், முதியோர் தயங்காமல் வெளியே வந்தார்கள். இன்னொன்று: அந்நகரில் தனித்து வாழும் முதியோரில் பெண்களே அதிகம், ஆனால் உரிமை கோர ஆளில்லாத உடல்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. மனைவி வழியாகவே சொந்தபந்தங்களைக் காப்பாற்றிக்கொள்ளும் நம்மைப் போன்ற ஆண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நமக்குச் சாதகமில்லாத ஒரு முடிவையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் மனச்சோர்வோ ஆதரவின்மையோ இருந்த மாரடைப்பு நோயாளிகள் 2,481 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உளவியல் சிகிச்சை அளித்தார்கள். 2003-இல் வந்த முடிவு: மனச்சோர்வு தணிந்தது, ஆதரவும் சற்றுக் கூடியது, இறப்போ மறு மாரடைப்போ குறையவில்லை. இதனால் தொடர்பே பொய் என்று நான் கருதவில்லை. சில மாத ஆலோசனை, பல ஆண்டு அண்டை அயலுக்கு ஈடாகாது என்றே படுகிறது. ஆனால் அதையும் நிரூபித்தாக வேண்டும். என் ஊகம் சான்றாகாது.

ஆகவே இங்கு கூடியுள்ள ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மகன், மருமகள், பேரன் இருக்கும் வீட்டிலும் ஒரு கிழவி கேட்பாரற்றுக் கிடக்கலாம். நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவீர்கள், இரண்டு நாள் உங்களைக் காணாவிட்டால் யார் தேடி வருவார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் உங்கள் படிவத்தில் சேருங்கள். சில ஆண்டுகள் கழித்து அதே வீடுகளுக்குத் திரும்பப் போய், யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பதிவு செய்யுங்கள்.