நாலு கம்பியும் இரண்டு மொழியும்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் சங்கீதம் படித்தவன் அல்ல. உணவகச் சமையலறையில் வேலை செய்பவன். என் மகள் பேஸ் கிற்றார் வாசிக்கிறாள், அதனால்தான் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். "பொம்பிளைப் பிள்ளைக்கு வீணை பழக்கியிருக்கலாமே" என்று கேட்டவர்களும் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அவளுக்கு உதவி செய்வோம் என்று லண்டனில் இருக்கிற சொந்தக்காரரிடம் ஒரு ஆங்கிலப் புத்தகம் எடுப்பித்தேன். அங்கேதான் பிரச்சினை தொடங்கியது. பேஸில் தடித்த கம்பியில் இருந்து மெல்லிய கம்பி வரை, நான் ஆங்கிலத்தில் சொன்னால் ஈ, ஏ, டீ, ஜீ. அவள் ஜேர்மனில் சொன்னால் ஏ, ஆ, டே, கே. அவள் "ஏ" என்றால் முதலாம் கம்பி. நான் "ஏ" என்றால் இரண்டாம் கம்பி. ஒரே வீட்டில் இரண்டு பேரும் இரண்டு கம்பியில் நின்றோம்.

அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் 'பி' என்கிற சுரத்தை ஜேர்மன்காரர் 'ஹா' என்பார்கள். அவர்கள் 'பே' என்றால் அது அரைச்சுரம் கீழே. இந்த நாட்டு மேதை பாஹ் தன் பெயரின் நாலு எழுத்தையும் சுரமாக வைத்து இசை அமைத்தது இந்த முறையால்தான். எனக்கு இது தெரியாது. பாடசாலை ஒத்திகையில் தாளிலே 'பே' என்று இருந்தது. மகள் என் புத்தகத்தை நம்பி, இரண்டாம் கம்பியில் முதலாம் மெட்டை விட்டு இரண்டாம் மெட்டை அமத்திவிட்டாள். பேஸ் என்பது வீட்டுக்கு அத்திவாரம் மாதிரி. அது பிழைத்தால் முழுப் பாட்டும் சரியும். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்களாம்.

வீட்டுக்கு வந்து, "அப்பா, உங்கட புத்தகத்தால வந்தது. எனக்கு இது வேண்டாம்" என்று அழுதாள்.

அன்றிரவு நான் சொன்னேன்: "பிள்ளை, இனி நீ சொல்லித்தா. நான் படிக்கிறன்."

ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம். ஒரு கிழமைக்கு ஒரு கம்பி. மெட்டைத் தொட்டு, பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தடித்த கம்பியில் வெறுமே தட்டினால் ஏ. 1ஆம் மெட்டு எஃப், 3 கே, 5 ஆ, 7 ஹா, 8 ட்ஸே, 10 டே, 12இல் மறுபடி ஏ. ஏ-எஃப், ஹா-ட்ஸே இந்த இரண்டு சோடிக்கும் நடுவில் மெட்டு இல்லை. மற்றதெல்லாம் ஒரு மெட்டு விட்டு. 5ஆம் மெட்டின் சுரமும் அடுத்த வெறும் கம்பியின் சுரமும் ஒன்றே. இரண்டு கம்பி தள்ளி, இரண்டு மெட்டு மேலே போனால் அதே சுரம் மேல்ஸ்தாயியில் கிடைக்கும். இவ்வளவும் பிடிபட்டால் மீதி தானாக வரும். எங்கள் பன்னிரண்டு சுரஸ்தானமும் இதுதானே! ஒரு வித்தியாசம், நாங்கள் ஸ-வை விரும்பிய இடத்தில் வைக்கலாம். இவர்களின் ஆ இடம் மாறாது.

இன்னொரு விஷயம். வயலின் வடிவான ஹோஃப்னர் பேஸைப் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1961இல் ஹம்பேர்க்கில் பீட்டில்ஸ் போல் மக்கார்ட்னி வாங்கியது. 1972இல் களவு போய், ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து அவரிடம் திரும்பிய செய்தி 2024இல் வெளிவந்தது. அந்த ஹோஃப்னர் நிறுவனம் 1887இல் தொடங்கியது இன்றைய செக் நாட்டில் உள்ள ஷோன்பாஹ் என்ற ஊரில். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் அங்கிருந்த ஜேர்மன் மொழிக்காரர் துரத்தப்பட்டார்கள். அந்த வாத்தியக் கைவினைஞர் பலர் எர்லாங்கன் பக்கத்துப் புபன்றொய்த் கிராமத்தில் குடியேறித் தொழிலை மறுபடி தொடங்கினார்கள். 1956இல் அந்த வயலின் பேஸ் வெளிவந்தது. ஊரை இழந்தவர்களின் கை செய்த வாத்தியம் அது. இதை மகள் சொன்னபோது நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பெற்றோரே, பிள்ளைகள் தமிழ் படிக்கவில்லை என்று குறைப்படுகிறோம். அவர்கள் படிப்பதில் ஒன்றை நாங்கள் படித்தோமா? நான் ஹா சொல்லப் பழகிய பிறகுதான் அவள் என்னிடம் ஸ-ரி-க-ம கேட்டாள்.

இன்று அவள் இந்த மேடையில் வாசிக்கப் போகிறாள். பிழை வந்தால் அவளைப் பார்க்காதீர்கள், என்னைப் பாருங்கள்.