மடலின் கடைசி வரி

(கொல்லிமலைச் செம்மேட்டில் தமிழன்பர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வல்வில் ஓரி ஆண்ட மண்ணில் நின்று இன்று மிகச் சிறிய பொருள் ஒன்றைப் பேச வந்துள்ளேன். அலுவலகத்துக்கு எழுதும் மடலை எப்படி முடிப்பது என்பதே அது. "இதற்கும் ஓர் உரையா?" எனச் சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும்! ஒருவன் தன்னை எவ்வாறு மதிக்கின்றான் என்பதை அவன் மடலின் கடைசி வரி காட்டிக் கொடுத்துவிடும்.

பழங்குடிச் சான்று வேண்டியும், நிலப்பட்டா வேண்டியும், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தந்த உரிமையை வேண்டியும் மலைமக்கள் முறையீடு எழுதுகின்றனர். அதன் முடிவில் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்று எழுதுவானேன்? சட்டம் தந்ததைக் கேட்பவன் எவருக்குக் கீழ்ப்படிய வேண்டும்? காய்ச்சலுக்கு விடுப்புக் கேட்கும் பள்ளிப் பிள்ளைக்கும் இதே தொடரைத்தானே கற்பிக்கின்றோம்!

இது தமிழர் வழக்கன்று. வெள்ளையர் ஆட்சியில், ‘தங்கள் மிகப் பணிவுள்ள ஊழியனாக இருக்கும் பெருமை எனக்குண்டு’ என்னும் பொருள்பட ஆங்கில அலுவல் மடல்கள் முடிந்தன. ஆங்கிலேயரே அதனைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டனர். நாமோ அதன் நிழலை இன்னும் சுமக்கின்றோம்!

அடுத்தது ‘தங்கள் உண்மையுள்ள’. இதுவும் சொல்லுக்குச் சொல் பெயர்த்த தொடரே. ‘உள்ள’ என்பது பெயரெச்சம். அதற்கு முடிக்கும் சொல் எங்கே? கீழேயுள்ள பெயரோடு சேர்த்துப் படித்தாலோ, ‘உண்மையுள்ள இன்னார்’ எனத் தம்மைத் தாமே புகழ்ந்து கொண்டதாக முடிகின்றது! உண்மை மடலின் செய்தியில் இருக்க வேண்டும். ஒப்பத்தின் தலையில் அன்று.

அங்ஙனமாயின் நம் வழக்கு யாது? சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். நிலம் விற்றவரும் கொடை தந்தவரும் சான்று நின்றவரும் ‘இப்படிக்கு இவை இன்னான் எழுத்து’ என்று முடித்தனர். ‘மேலே சொன்னபடிக்கு நான் பொறுப்பு, இஃது என் எழுத்து’ என்பதே அதன் பொருள். எழுத்தறியாதவர் இட்ட அடையாளத்துக்குத் ‘தற்குறி’ என்று பெயர். அதற்கும் அருகில் ஒருவர் தம் எழுத்தால் சான்று கூறினார். எழுத்தறியாதவனும் தன் குறியால் பொறுப்பேற்றான். எவனும் தன்னை ஊழியன் எனத் தாழ்த்திக் கொள்ளவில்லை! நாம் நாள்தோறும் எழுதும் ‘இப்படிக்கு’ இத்துணைப் பழமையும் பெருமையும் உடையது.

மாற்றம் இயலாதது அன்று. 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1967-இல் ‘சிரீ’ போய்த் ‘திரு’ வந்தது. அன்று நகைத்தவர்களின் பிள்ளைகளே இன்று ‘திரு’ என்று எழுதுகின்றனர். 2025 ஏப்பிரலில், அரசுப் பணியாளர் தமிழிலேயே கையெழுத்திட வேண்டும் என்று தமிழ்நாட்டரசு மீண்டும் அறிவுறுத்தியது. கையெழுத்துத் தமிழாகும்போது, அதற்கு மேலுள்ள வரி மட்டும் பெயர்ப்புத் தமிழாய்க் கிடக்கலாமா?

இன்று மடல்கள் மின்னஞ்சலாகப் பறக்கின்றன. கடைசி வரியை ஒருமுறை பதிந்து வைத்தால், ஒவ்வொரு மடலிலும் அது தானே வந்து அமரும். ‘ரிகார்ட்சு’ என்று பதிந்தால் ஆண்டு முழுதும் அதுவே. தமிழைப் பதிந்தால் ஆண்டு முழுதும் தமிழ்! ஆகவே இவற்றைக் கைக்கொள்ளுங்கள்:

1. முறையீட்டுக்கும் அலுவல் மடலுக்கும்: ‘இப்படிக்கு’ அல்லது ‘இங்ஙனம்’. அதன்கீழ்ப் பெயர், பதவி, ஊர்.

2. உடன் பணியாற்றுவோர்க்கு: ‘அன்புடன்’.

3. மூத்தோர்க்கும் மேலலுவலர்க்கும்: ‘வணக்கத்துடன்’. வணக்கம் பண்பாடு, கீழ்ப்படிதல் வேறு.

4. உதவி பெற்றபோது: ‘நன்றியுடன்’. உதவி செய்யுமுன்பே நன்றி கூறி நெருக்குதல் வேண்டா.

5. எதுவாயினும் ஒன்று போதும். ‘நன்றி, வணக்கம், இப்படிக்கு, தங்கள் அன்புள்ள’ என்று அடுக்கினால் ஒன்றும் மனத்தில் நில்லாது.

ஆசிரியர்களே, விடுப்பு மடலைத் திருத்துங்கள்! முறையீடு எழுதித் தரும் இளைஞர்களே, அடுத்த முறை ஒரு முதியவர் உங்களிடம் தாளை நீட்டும்போது, அவர் பெயருக்கு மேலே ‘இப்படிக்கு’ என்று மட்டும் எழுதுங்கள். உரிமை கேட்பவர் நிமிர்ந்து கேட்கட்டும்!

வெல்க தமிழ்!