புல்லும் புகைப்படமும்



தமிழில் 'புல்' என்னும் சொல்லுக்கு நேர்ந்த கதி இரங்கத்தக்கது. சிறுமையைப் புன்மை என்கிறோம். கீழோரைப் புல்லர் என்கிறோம். ஒருவரைப் பொருட்படுத்தாது நடப்பதைப் புல்லாக மதித்தல் என்கிறோம். ஆயினும் நம் பழைய இலக்கண நூலார் புல்லை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடவில்லை. தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வயிரம் உடையவற்றை மரமென்றும், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல்லென்றும் பகுத்துரைக்கிறது. அதன்படி மூங்கிலும் பனையும் புல்லாகும். இன்றைய தாவரவியல் பனையை வேறு குடும்பத்தில் வைத்தாலும் மூங்கிலைப் புல்லென்றே கொள்கிறது. நெல்லும் வரகும் தினையும் சோளமும் கரும்புங்கூடப் புற்களே. நாள்தோறும் புல்லின் விதையை உண்டு வாழும் நாம், புல்லை இகழ்வதற்கு உரிமையுடையோம் அல்லோம்.

இன்று நாம் பேசவிருப்பது வயலில் விளையும் புல்லைப் பற்றியன்று. எவரும் விதைக்காமல், எவரும் நீர் பாய்ச்சாமல், திறந்த வெளியில் தானே முளைத்துத் தானே மடியும் காட்டுப் புல்லைப் பற்றியது. அதனைப் புகைப்படம் எடுப்பது எவ்வாறு, எடுப்பதனால் விளையும் பயன் என்ன என்னும் இரண்டையும் ஆராய்வோம்.

நாங்கள் வாழ்வது ஐதராபாத் நகரின் கிழக்குப் பகுதியிலுள்ள ஹப்சிகுடாவில். ஹப்சி என்பது அபிசீனியர் முதலான ஆப்பிரிக்க நாட்டாரைக் குறித்து வழங்கிய சொல். அவர்கள் குடியிருந்த இடமாதலின் இப்பெயர் வந்தது என்பர். பிறநாட்டிலிருந்து வந்து குடியேறியோரின் பெயரைத் தாங்கிய ஊரில், தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய நாமும் வாழ்வது பொருத்தமே. இங்கே 1961-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசியப் புவிஇயற்பியல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 2017-ஆம் ஆண்டு முதல் மெட்ரோ ரயில் தலைக்கு மேலே ஓடுகிறது. இத்தகைய இடத்தில் புல்வெளி ஏது என்று கேட்கலாம். கட்டப்படாத மனைகளிலும், பாறைகளைச் சுற்றியும், இருப்புப்பாதை ஓரங்களிலும், அருகிலுள்ள உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் திறந்த நிலங்களிலும் அது இன்னும் துண்டு துண்டாக உயிர் வாழ்கிறது.

இந்நிலத்தின் இயல்பை அறிந்தால் இங்குப் புல் ஏன் செழிக்கிறது என்பது விளங்கும். ஐதராபாத்தின் கீழே கிடப்பது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடைய கருங்கற் பாறை. அதன்மேல் படிந்திருப்பது பெரும்பாலும் ஆழமில்லாத, மணல் கலந்த செம்மண். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையை அது நெடுநாள் தேக்கி வைப்பதில்லை. பெருமரங்கள் நெருங்கி வளர்தற்கு ஏலாத அத்தகைய மண்ணில், மழை வந்தவுடன் எழுந்து, மழை நின்றவுடன் விதை உதிர்த்து, வேனில் முழுவதும் வேரளவில் உறங்கும் புல்லே நிலைபெறுகிறது. வடகிழக்குப் பருவமழைக்குப் பழகிய நமக்கு ஒரு வேறுபாடு தென்படும். நம் ஊர்களில் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் புல் தழைக்கிறது. இங்கோ ஆடியிலும் ஆவணியிலும் தழைத்து, ஐப்பசிக்குள் கதிர் முற்றிப் பொன்னிறம் அடைகிறது.

காலம் வேறாயினும் புல் வேறன்று. ஹப்சிகுடாவின் வெற்று மனையில் காணும் கொழுக்கட்டைப்புல், கொங்கு நாட்டுக் கொறங்காட்டில் காங்கயம் மாடுகள் மேயும் அதே புல். கைவிரல்கள் போலக் கதிர் விரிக்கும் கொண்டைப்புல் திருநெல்வேலிச் சாலையோரத்திலும் உண்டு, இங்கும் உண்டு. நாம் அறுகு என்பதைத் தெலுங்கர் கரிக என்பர். இருசாராரும் அதனைப் பிள்ளையாருக்கே சூட்டுகின்றனர். நாம் வெட்டிவேர் என்பதை அவர்கள் வட்டிவேரு என்பர். ஊர் மாறி வந்தவர்க்கு மொழி புதிது, உணவு புதிது. காலடியில் கிடக்கும் புல் மட்டும் பழைய உறவு. அவ்வுறவை அறியாமலே பலர் இங்கு முப்பதாண்டு, நாற்பதாண்டு வாழ்ந்துவிடுகிறோம் என்பதே குறை.

தென்னாட்டுப் புற்களை முறையாக ஆராய்ந்தவர்களுள் முன்னோடி ஒருவரை இங்கு நினைவுகூர்தல் கடமை. கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் பணியாற்றிய தாவரவியல் அறிஞர் ரங்காச்சாரியார், தென்னிந்தியப் புற்கள் பற்றிய கையேடொன்றை ஆங்கிலத்தில் எழுதி 1921-இல் வெளியிட்டார். அந்நூலில் புற்களின் உருவம் கோட்டோவியங்களாகக் காட்டப்பட்டுள்ளது. ஒவ்வொரு கதிரையும் பிரித்து, உறுப்பு உறுப்பாக வரைந்து காட்டிய உழைப்பை இன்று நோக்கினாலும் வியப்பே மிகும். ஓவியன் கைக்கு எட்டிய அந்நுட்பத்தை இன்று ஒரு சாதாரணக் காமிராவும் சிறிது பொறுமையும் நமக்கு அளிக்கக்கூடும்.

ஆனால் புல்லைப் படமெடுப்பது தோன்றும் அளவுக்கு எளிதன்று. முதல் இடர் காற்று. மெல்லிய தண்டின் நுனியில் நிற்கும் கதிர், நாம் உணராத சிறு காற்றிலும் அசையும். ஆதலின் காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையே உகந்த நேரம். அப்போதும் நொடியில் 250-இல் ஒரு பங்கு, அல்லது அதனினும் குறைந்த நேரமே ஒளி புகுமாறு காமிராவை அமைத்தல் நன்று. இரண்டாம் இடர், பின்னணி. புல்லின் பின்னே புல்லே நிற்பதால் எந்தக் கதிர் எதனுடையது என்பது படத்தில் தெரியாது. கறுப்பு அட்டை ஒன்றைக் கதிருக்குப் பின்னே ஒருவர் பிடித்துக்கொண்டால் இக்குறை நீங்கும். மூன்றாம் இடர், நம் உயரம். நின்றபடி குனிந்து எடுத்த படத்தில் புல் தரைவிரிப்புப் போலத் தோன்றும். முழந்தாளிட்டு, அல்லது மண்ணில் படுத்து, கதிரின் மட்டத்திற்குக் கண்ணைத் தாழ்த்தினால்தான் அது ஒரு காடென்பது புலனாகும். கதிரவன் கதிருக்குப் பின்னே தாழ்ந்து நிற்குமாறு எடுத்தால், உச்சி வெயிலில் காணாத ஒவ்வொரு மயிரும் ஒளிரும்.

ஒரு புல்லுக்கு ஒரு படம் போதாது. முழுத் தூறும் தெரிய ஒன்று, கதிர் மட்டும் ஒன்று, இலை தண்டைத் தழுவும் இடம் ஒன்று, தண்டின் கணு ஒன்று என நான்கேனும் வேண்டும். இலையும் தண்டும் கூடுமிடத்தில் மெல்லிய சவ்வோ மயிர்வரிசையோ இருக்கும். புல்லின் இனத்தை அறியத் தாவரவியலார் நோக்கும் அடையாளங்களுள் அது தலையாயது. எடுத்த நாளும் இடமும் படத்தோடு எழுதப்பட வேண்டும். நாளும் இடமும் இல்லாத படம் கண்ணுக்கு இன்பம் தரலாம், சான்றாக நிற்காது.

எடுத்துக்காட்டாக ஊசிப்புல்லைக் கருதுவோம். ஆடையில் குத்தி, நடப்பவரை வருத்தும் இதனை ஊரார் சபிப்பது வழக்கம். ஆட்டின் உரோமத்தில் சிக்கித் தோலையும் துளைக்கவல்லது இது. இதன் விதையின் ஒரு முனை ஊசிபோல் கூர்மையானது. மறு முனையில் நெல்லின் வால் போன்ற, ஆனால் அதனினும் நீண்ட, கருநிற முறுக்கு ஒன்று உண்டு. ஈரம் பட்டால் அம்முறுக்கு அவிழும். உலர்ந்தால் மீண்டும் முறுகும். இவ்வாறு சுழன்று சுழன்று விதையானது தன்னைத் தானே மண்ணுள் திருகிப் புதைத்துக்கொள்கிறது. முற்றிய விதையொன்றை வெள்ளைத் தாளில் வைத்து, ஒரு துளி நீர் விட்டு, சில நொடிக்கு ஒரு படமாக எடுத்தால் இவ்வியப்பு முழுவதும் படத்தொடரில் விரியும். ஏர் பூட்டாமல் உழுது விதைக்கும் உழவன் அங்கே இருக்கக் காண்போம். பள்ளிச் சிறுவரும் செய்யக்கூடிய சோதனை இது.

தனிப் புல்லைக் கண்டபின் நிலத்தைக் காண வேண்டும். இதற்குச் சிறந்த வழி, ஓரிடத்தைத் தேர்ந்து, ஒரே பாறைமேல் நின்று, ஒரே திசை நோக்கி, மாதந்தோறும் ஒரு படம் எடுப்பது. சித்திரையில் வெந்த மண். ஆனியில் பச்சை நூலிழைகள். புரட்டாசியில் இடுப்பளவு கதிர். மார்கழியில் வைக்கோல் நிறம். பன்னிரண்டு படங்களையும் வரிசையாக வைத்து நோக்குபவர், சித்திரையில் அந்நிலத்தைக் கண்டு 'இங்கு ஒன்றுமில்லை' என்று கூறுவது எவ்வளவு பிழை என்பதை உணர்வர்.

அமெரிக்க நாட்டின் நடுவே பிரெய்ரி எனப்படும் பரந்த புல்வெளிகள் இருந்தன. 1837-இல் ஜான் டீர் என்பவர் எஃகுக் கலப்பையைச் செய்தபின், ஆழ்ந்த வேர்ப்பின்னலைக் கிழித்து உழுவது எளிதாயிற்று. உயர்ந்த புல் வளர்ந்த வெளிகளின் மிகப்பெரும் பகுதி வயலாயிற்று. உழப்படாமல் எஞ்சிய பகுதிகளைக் கான்சாஸ் மாநிலப் புகைப்படக் கலைஞரான டெர்ரி எவன்ஸ் அம்மையார் 1970-களின் இறுதி முதல் படமெடுத்து வந்தார். காமிராவை நேர் கீழே தரைநோக்கிப் பிடித்து எடுத்த படங்களும், வானூர்தியிலிருந்து எடுத்த படங்களும் அவருடைய தொகுதியில் உண்டு. நம் நாட்டிலும், நாவலாசிரியர் மாதவையாவின் மைந்தரான மா. கிருஷ்ணன் அவர்கள், 1950 முதல் 1996 வரை செய்தித்தாளொன்றில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியும், கறுப்பு வெள்ளைப் படங்களால் காட்டுயிர்களைப் பதிந்தும், காமிரா என்பது கவனித்தலின் கருவி என்பதை நமக்கு உணர்த்தினார்.

இனி, பயன் என்ன என்னும் வினாவுக்கு வருவோம். புல்வெளிக்கு நேரும் பெருந்தீங்கு, அதற்கு நாம் இடும் பெயரால் நேர்கிறது. 'தரிசு' என்கிறோம், அரசின் ஏடுகளும் அவ்வாறே எழுதுகின்றன. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நாட்டின் பயன்படா நிலங்களைக் காட்டும் நிலப்படத் தொகுதி, ஐதராபாத்திலுள்ள தொலையுணர்வு மையத்தின் துணையோடு 2000-ஆம் ஆண்டு முதல் வெளியிடப்பட்டு வருகிறது. முட்புதர் நிலங்கள் பலவும், சீர்குன்றிய மேய்ச்சல் நிலங்களும் அதில் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. வானத்திலிருந்து நோக்கும் கருவிக்கு ஊசிப்புல்லின் முறுக்குத் தெரியாது. அதனைத் தரையில் நிற்பவரே காட்ட வேண்டும்.

பயனற்றதென்று முடிவு செய்யப்பட்ட நிலத்தில் கட்டடம் எழுகிறது. அன்றேல், நல்லெண்ணத்தோடு மரம் நடப்படுகிறது. நீலகிரியின் மலைப்புல்வெளிகளில் சீகை மரமும் கற்பூர மரமும் நட்டதன் விளைவாக, சோலைகளுக்கிடையே பரந்திருந்த புல்வெளியின் பெரும்பரப்பு மறைந்ததை நாம் அறிவோம். மரம் நடுதல் அறமே. ஆயினும் புல்லுக்குரிய இடத்தில் நட்டால் அங்கு வாழ்ந்த உயிர்கள் வீடிழக்கும். கானமயில் எனப்படும் பெரும்பறவை புல்வெளியை நம்பி வாழ்வது. அதற்கெனக் கர்னூல் பகுதியில் ரோள்ளப்பாடு சரணாலயம் 1988-இல் அமைக்கப்பட்டது. இன்று அப்பறவை நாடெங்கிலும் அருகி, அழிவின் விளிம்பில் நிற்கிறது.

ஐதராபாத்தைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்கள் சிலவற்றின் முன்னே 'கஞ்ச' என்னும் சொல் வரும். மேய்ச்சல் நிலம் என்பது அதன் பொருள். அவ்வாறு பெயர்பெற்ற கஞ்ச கச்சிபௌலியில், 2025 மார்ச்சு இறுதியில் 400 ஏக்கர் நிலத்தைத் திருத்தும் வேலை தொடங்கியது. ஏப்ரல் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை நிறுத்த ஆணையிட்டது. அவ்வழக்கின் நியாயங்களை ஆராய்வது நம் நோக்கமன்று. அந்நிலத்தில் வாழும் மான்களையும் பறவைகளையும் செடிகளையும் மாணவரும் ஆர்வலரும் படங்களில் பதிந்து வைத்திருந்தனர் என்பதை மட்டும் நினைவில் கொள்வோம். சான்று கையிலிருக்கும்போது, நிலத்தை வெற்றிடம் என்று கூறுவது எளிதாயிருப்பதில்லை.

மேலும், தெலங்கானத்தின் பெருவிழாவான பதுகம்மாவில் மகளிர் அடுக்கும் பூக்களை நோக்குங்கள். தங்கேடு என்பது நம் ஆவாரை. குனுகு என்பது நம் பண்ணைக்கீரையின் பூ. இவை காட்டுப் புல்லோடு கலந்து திறந்த வெளிகளில் தாமே பூப்பவை. பொங்கலுக்கு முன்னாள் கொங்கு நாட்டார் காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் பறிப்பதும் இத்தகைய வெளிகளிலேதான். 'தரிசு' அழிந்தால் விழாவுக்குப் பூ கடையிலிருந்து வர வேண்டும்.

நேயர்களே, நீங்கள் பம்பாயிலோ டில்லியிலோ நாகபுரியிலோ வாழலாம். உங்கள் வீட்டிலிருந்து நடந்து எட்டக்கூடிய தொலைவில் ஒரு திறந்த வெளி இருக்கும். விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கைப்பேசியின் காமிராவே தொடக்கத்திற்குப் போதும். கண்ட புல்லின் பெயரை முதலில் அவ்வூர் ஆடு மேய்ப்பவரிடம் அவர் மொழியில் கேளுங்கள். பின்னர் அதற்குரிய தமிழ்ப் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இரண்டையும் படத்தின் கீழே, நாளோடும் இடத்தோடும் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அதே இடத்துக்கு மீண்டும் செல்லுங்கள். புல் இருந்தால் மகிழ்வீர்கள். அது மறைந்திருந்தாலோ, அங்கு இன்னது வாழ்ந்தது என்று உரைக்க ஒரு சான்றேனும் உங்கள் கையில் இருக்கும்.