கோடை விடுமுறையும் உலக வரலாறும்
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் குடியிருப்புகளில் விளக்கேற்றி வரும் இச்சங்கத்தின் விழாவில் பாராட்டுரைகள் பல கேட்டோம். அவை தகும். ஆயினும் ஆசிரியன் ஒருவன் பேச எழுந்தால் அவன் பாடத்தைப் பற்றிப் பேசுவதே முறை. ஆகவே, பதினோராம் வகுப்பை முடித்துப் பன்னிரண்டாம் வகுப்பில் வரலாறு பயிலவிருக்கும் நம் பிள்ளைகள், இடைப்பட்ட கோடை விடுமுறையில் உலக வரலாற்றுக்கு எவ்வாறு ஆயத்தமாவது என்பதையே நாம் இன்று பொருளாக எடுத்துக்கொண்டோம்.

இது சிறு பொருள் என்று சிலர் கருதலாம். "வரலாற்றுப் பிரிவா? உங்கள் பிள்ளைகளுக்கு அது போதும்" என்று சொல்லப்பட்டதை நாம் நம் காதாலேயே கேட்டிருக்கிறோம். அந்தப் ‘போதும்’ என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். இவ்வளவு நிலம் போதும், இவ்வளவு கூலி போதும், இவ்வளவு படிப்புப் போதும் என்று நமக்கு அளந்து கொடுத்தவர்கள் யார்? எப்போது அளந்தார்கள்? எந்த உரிமையால் அளந்தார்கள்? இவ்வினாக்களுக்கு விடை சொல்லும் பாடம் வரலாறு. நமக்குப் போதும் என்று ஒதுக்கித் தரப்பட்ட பாடமே, நமக்கு மிகத் தேவையான பாடமாக அமைந்துவிட்டது.

பிழைப்புக்கும் அது உதவாத படிப்பன்று. சட்டப் படிப்புக்கும் ஆசிரியர் பணிக்கும் அது அடித்தளம். இந்திய ஆட்சிப் பணிக்கான முதன்மைத் தேர்வில், பதினெட்டாம் நூற்றாண்டு முதலான உலக வரலாறு 2013 முதல் பொது அறிவுத் தாளிலேயே இடம்பெற்றிருக்கிறது. பொறியியல் படித்தவரும் மருத்துவம் படித்தவரும் அத்தேர்வுக்காக உலக வரலாற்றைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. பள்ளியிலேயே அதனைச் செம்மையாகக் கற்றவன் அவர்களுக்கு முன்னே நிற்பான்.

இனி, கோடை விடுமுறை ஏன் என்பதற்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலின் முற்பகுதி நம் நாட்டு விடுதலை இயக்கத்தைப் பேசுகிறது. உலக வரலாறு பிற்பகுதியில் ஆறு பாடங்களாக அமைந்துள்ளது. வகுப்பில் அப்பகுதி தொடங்கும்போது ஆண்டின் பாதி கடந்துவிடும். அதற்குள் மலையில் காயெடுப்பு மும்முரமாகிவிடும். ஆடியில் தொடங்கித் தைவரை ஏலத்தோட்டங்களில் ஆள் தேவை மிகுதி. விடியுமுன் ஜீப் ஏறும் தாயோடு பிள்ளையும் ஏறிவிடுகிறது. வருகைப் பதிவேட்டில் நம் பிள்ளைகளின் பெயருக்கு நேரே வெற்றிடம் கூடும் மாதங்களும், உலக வரலாறு நடத்தப்படும் மாதங்களும் ஒன்றாகவே இருக்கின்றன. பிறகு மார்ச்சுத் தேர்வில் பிள்ளைக்கு அப்பகுதி புரியாத பெயர்களின் குவியலாகத் தோன்றுவதில் வியப்பென்ன? அறிவுக் குறைவு அதற்குக் காரணமன்று. பருவக் கணக்கே காரணம். அக்கணக்கை வெல்லும் வழி, சித்திரை வைகாசியிலேயே அந்த ஆறு பாடங்களையும் ஒருமுறை கடந்துவிடுவதாகும்.

அதற்கு வேண்டிய கருவிகள் எவை? முதலாவது, பழைய புத்தகங்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூல்களைத் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். புரட்சிகளின் காலம், தொழிற்புரட்சி, இரு உலகப் போர்கள் ஆகியவை அவற்றில் எளிய நடையில் உள்ளன. இரண்டாவது, இவ்வாண்டு தேர்வெழுதி முடித்த அண்ணன், அக்காமார்களிடம் கேட்டுப் பெறும் பன்னிரண்டாம் வகுப்பு நூல். மூன்றாவது, ஓர் உலக வரைபடம். நான்காவது, நூறு பக்கக் குறிப்பேடு ஒன்று. ஐந்தாவது, நகரின் அரசு நூலகத்தில் உறுப்பினர் அட்டை. நேரு சிறையிலிருந்து தம் மகளுக்கு எழுதிய கடிதங்கள், 1934-இல் உலக வரலாற்று நூலாக வெளிவந்தவை, தமிழிலும் உண்டு; வாய்ப்புள்ளோர் அவற்றையும் தேடிப் படிக்கலாம்.

ஆறு வாரம், ஆறு பாடம். வாரத்தின் முதல் மூன்று நாள் பாடத்தைக் கதைபோல் வாசித்தல். நான்காம் நாள் அதிலுள்ள இடங்களை வரைபடத்தில் குறித்தல். ஐந்தாம் நாள் ஆண்டுகளை ஒரு கோட்டில் வரிசையாக எழுதுதல். ஆறாம் நாள் ஒரு பெரிய வினாவுக்குப் புத்தகத்தை மூடிவைத்து விடை எழுதுதல். தேர்வின் 90 மதிப்பெண்ணில் 35, ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு உரியது. ஆகவே எழுதிப் பழகாத படிப்பு பாதிப் படிப்பே. ஏழாம் நாள் ஓய்வு.

இவ்வளவும் எந்த ஊர் மாணவனுக்கும் பொருந்தும். நம் ஊர் மாணவனுக்கு வேறொரு துணையும் உண்டு. உலக வரலாறு நம் மலைச்சரிவிலேயே நடந்திருக்கிறது. அதனை வாரவாரமாகக் காட்ட விரும்புகிறோம்.

முதல் வாரம், நவீன உலகத்தின் தோற்றம். அச்சுக்கலை பரவியதும், புதிய கடல்வழிகள் காணப்பட்டதும் அதில் வரும். 1498-இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டை அடைந்தது எதற்காக? மேற்குத் தொடர்ச்சி மலையின் நறுமணப் பொருள்களுக்காக. நீங்கள் விரல் நகம் கறுக்கப் பறிக்கும் காயும் அவற்றுள் ஒன்று. அச்சுக்கலையும் அக்கப்பல்களைத் தொடர்ந்தே வந்தது. 1578-இல் கொல்லத்தில் தமிழ்நூல் அச்சாயிற்று.

இரண்டாம் வாரம், புரட்சிகள். 1776-இல் மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று அமெரிக்கர் அறிவித்தனர். அவ்வறிக்கையை வரைந்த ஜெபர்சனோ அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார். அங்கு அடிமைமுறை சட்டப்படி ஒழிய 1865 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி சமத்துவம் பேசியது. பிரான்சின் கரும்புத் தோட்டத் தீவாகிய ஹைட்டியில் அடிமைகள் அச்சொல்லை மெய்யென்று எடுத்துக்கொண்டு 1791-இல் கிளர்ந்தெழுந்தனர். நெப்போலியனின் படையையும் முறியடித்து 1804-இல் தனிநாடு கண்டனர். தோட்டத்தில் வேலை செய்வோர் வரலாற்றையும் செய்ய முடியும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

மூன்றாம் வாரம், கொந்தளித்த ஐரோப்பா. அங்கே இங்கிலாந்தின் சாசன இயக்கத்தைக் காண்பீர்கள். 1838 முதல் உழைக்கும் ஆண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று அவர்கள் மனுமேல் மனுவாக அளித்தும் நாடாளுமன்றம் அன்று ஏற்கவில்லை. நம் நாட்டிலோ 1951-52-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே ஆண், பெண், சாதி, சொத்து என்ற வேறுபாடின்றி எல்லார்க்கும் வாக்கு இருந்தது. சுவிட்சர்லாந்துப் பெண்கள் தம் நாட்டு நாடாளுமன்றத் தேர்தலுக்கான வாக்குரிமையை 1971-இல்தான் பெற்றனர். நம் பாட்டிமார் பெற்ற உரிமையின் அருமையை இந்த ஒப்பீட்டால் உணரலாம்.

நான்காம் வாரம், ஏகாதிபத்தியம். பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் வந்தது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! ஒப்பந்தக் கூலிகளாக மொரீசியசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும் நம்மவர் கப்பலேற்றப்பட்டனர். இலங்கை மலைகளுக்குக் கங்காணிகள் அழைத்துச் சென்றனர். நம் மேலே உள்ள மலைகளிலும் அதே காலத்தின் தோட்டங்கள்தாம் எழுந்தன. மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தின் வழியே குரங்கணி அடிவாரத்திற்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்கு வந்து, பின்னர் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. மலைமேல் ஓடிய சிறு இரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது. குரங்கணியில் ஆடு மேய்க்கும் பிள்ளையும் ஏகாதிபத்தியத்தின் பாதையில்தான் நடக்கிறது.

ஐந்தாம் வாரம், இரண்டாம் உலகப் போர். மதுரை-போடி இருப்புப்பாதை 1928-இல் திறக்கப்பட்டது. ஐரோப்பாவில் மூண்ட போர், இங்கே தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தது. போருக்கு இரும்பு வேண்டியிருந்தமையால் நம் ஊர் இரயிலை இழந்தது. 1950-களில்தான் அப்பாதை மீண்டும் போடப்பட்டது. 2010 இறுதியில் அகலப்பாதைக்காக நிறுத்தப்பட்டு, 2023 ஜூனில் மறுபடியும் போடிக்கு இரயில் வந்தபோது நீங்களெல்லாம் பார்த்தீர்கள். போரின் விளைவுகளை எழுதுக என்று வினா வந்தால், உங்கள் ஊர் நிலையத்தை நினைத்துக்கொண்டு எழுதத் தொடங்குங்கள்.

ஆறாம் வாரம், போருக்குப் பிந்தைய உலகம். ஐக்கிய நாடுகள் அவை, பனிப்போர், குடியேற்ற நாடுகளின் விடுதலை ஆகியவை அதில் வரும். அத்துடன் நடு அமெரிக்காவின் குவாதிமாலா நாட்டை வரைபடத்தில் தேடிப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கொண்டு செல்லப்பட்ட ஏலச்செடி இன்று அந்நாட்டை உலக ஏலக்காய் ஏற்றுமதியின் முன்னணியில் நிறுத்தியிருக்கிறது. அங்கு விளைச்சல் பெருகினால் போடி ஏல மையத்தில் விலை அசையும். அந்நாட்டில் 1952-இல் அர்பென்சு என்ற தலைவர் நிலச்சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். 1954-இல் அமெரிக்க உளவுத்துறையின் துணையோடு அவர் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. அங்கே ஏலம் பயிரிடுவோர் பெரும்பாலும் மண்ணின் பழங்குடியான மாயா இனத்தார். நிலத்திற்கு ஏங்குவோர் இந்த மலையில் மட்டும் இல்லை என்பது புரிகிறதல்லவா?

அன்பு மாணவர்களே, இத்தகைய ஒப்பீடு நாம் புதிதாகக் கண்ட வழியன்று. முன்னோர் நடந்து காட்டிய வழி. மகாத்மா சோதிபா புலே 1873-இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ என்ற நூலை, நீக்ரோ அடிமைகளின் விடுதலைக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்கு உரிமையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1927-இல் மகாடு மாநாட்டில் பேசியபோது, அம்மாநாட்டை 1789-இல் வெர்சேல்சில் கூடிய பிரெஞ்சு தேசிய அவையோடு ஒப்பிட்டார். குளத்து நீரைத் தொடும் உரிமைக்காகக் கூடிய ஏழை மக்களிடம் பிரெஞ்சு வரலாற்றைப் பேசினார் என்றால், அது அவர்களுக்கு விளங்கும், அவர்களுக்கு வேண்டும் என்று அவர் நம்பினார் என்பதே பொருள். 1946-இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்சுக்கு அவர் கடிதம் எழுதி, ஐ.நா. அவைக்கு அம்மக்கள் அளித்த மனுவின் படியைக் கேட்டார்.

மற்றொன்றும் கருதத்தக்கது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் கொள்கைகளைத் தாம் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து பெறவில்லை, புத்தரிடமிருந்தே பெற்றதாக அவர் 1954-இல் வானொலி உரையில் தெளிவுபடுத்தினார். உலகத்தைக் கற்பது உலகத்திற்கு அடிமையாவதற்கன்று; நம்முடையதை அடையாளம் காண்பதற்கும் அதுவே வழி என்பதை இதனால் அறிகிறோம்.

பெற்றோர்களே! விடுமுறையில் பிள்ளை வேலைக்கே போகக்கூடாது என்று சொல்ல நாம் துணியவில்லை. சீட்டுக்கும் வட்டிக்கும் நீங்கள் படும் பாடு நாம் அறியாததன்று. நாம் வேண்டுவன இரண்டே. ஒன்று, மாலையில் மலையிலிருந்து இறங்கியபின் ஒரு மணி நேரம் பிள்ளையைத் தண்ணீருக்கும் கடைக்கும் அனுப்பாது விட்டுவிடுங்கள். பெண் பிள்ளைக்கும் அதே ஒரு மணி நேரம் வேண்டும். மற்றொன்று, சித்திரையில் மலையேறிய பிள்ளை ஜூனில் பள்ளி திறக்கும் நாளில் கட்டாயம் இறங்கிவிட வேண்டும். ‘காயெடுப்பு முடியட்டும்’ என்று ஒரு மாதம் தள்ளிய பிள்ளைகள் பலர் பிறகு வகுப்புக்குத் திரும்பவேயில்லை.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். விடுமுறை முழுவதும் சங்கக் கட்டடத்தின் முன்னறையை மாலை ஏழு முதல் ஒன்பது வரை திறந்து வையுங்கள். ஒரு பெரிய உலக வரைபடம், இரண்டு விளக்கு, ஒரு பாய் போதும். தேர்வெழுதி முடித்த மாணவர் இருவர் இளையோர்க்குத் துணையிருக்கட்டும். ‘போதும்’ என்ற சொல்லை நாமே நமக்காக அளந்து சொல்லும் இடம் அதுவாகட்டும். சனிக்கிழமை தோறும் எழுதிய விடைத்தாள்களைத் திருத்தித் தரும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொள்கிறோம்.

வரும் சித்திரை முதல் வாரமே வகுப்பைத் தொடங்கலாம். பெயர் கொடுக்க விரும்பும் மாணவர்கள் இக்கூட்டம் முடிந்ததும் மேடையருகே வருக.