நடக்கும் கடைக்கு ஊரார் பணம்

(சங்கரன்கோவிலில் வணிகர்களும் இளைஞர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

செல்போனில் அறிவிப்புப் போட்டு, பலரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டுவதற்கு 'கிரவுட் ஃபண்டிங்' என்று பெயர். சிகிச்சைக்கு வழியில்லாத ஏழைக்காகத் திரட்டினால் அது தர்மம். நன்றாக நடக்கும் கடைக்காரரும் விசைத்தறி முதலாளியும் இப்படித் திரட்டலாமா?

தர்மமாகக் கேட்கக் கூடாது. அது ஏழையின் பங்கு. கூட்டுத் தொழிலாகக் கேட்கலாம்.

இது நமக்குப் புதிதல்ல. 1906ல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து நெருக்கியது. 1908ல் வ.உ.சி. சிறைப்பட்டார். 1911ல் கம்பெனி கலைக்கப்பட்டது. பங்கு வாங்கியவர் லாபத்துக்கும் பங்காளி, நஷ்டத்துக்கும் பங்காளி!

பெங்களூரில் நடந்தது என்ன? வட்டியில்லாத ஹலால் முதலீடு என்று சொல்லி ஐ.எம்.ஏ. நிறுவனம் நம் மக்களிடம் பணம் திரட்டியது. மாதாமாதம் பணம் வந்ததால் யாரும் கணக்குக் கேட்கவில்லை. 2019 ஜூனில் அது மூடப்பட்டது. பல்லாயிரம் குடும்பங்கள் புகார் மனுவோடு வரிசையில் நின்றன.

சகோதரர்களே! ஹலால் என்ற பெயர் போதாது. லாபத்தை விகிதமாகத்தான் பேச வேண்டும். மாதம் இத்தனை ரூபாய் நிச்சயம் என்று பேசினால் அது வட்டிதான். முளாரபாவில் நஷ்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணம் போகும். தொழில் செய்தவருக்கு உழைப்பு போகும்.

வணிகர்களே! பழைய கடனை அடைக்க ஊரார் பணத்தை வாங்காதீர்கள். புதுக் கிளைக்கென்றால் முதலில் உங்கள் பணத்தைப் போடுங்கள். கணக்கைத் தனியாக வையுங்கள். சட்டத்தையும் மறவாதீர்கள். கூட்டு வணிகத்தில் 50 பேருக்கு மேல் பங்காளிகள் இருக்க முடியாது. தனியார் கம்பெனி விளம்பரம் செய்து பொதுமக்களுக்குப் பங்கு விற்க முடியாது. அனுமதியின்றிப் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவது 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

இளைஞர்களே! வளைகுடா வெயிலில் சம்பாதித்த பணத்தைக் கொடுக்கும் முன் மூன்றே கேள்விகள் கேளுங்கள். உங்கள் சொந்தப் பணம் எவ்வளவு? கணக்கை எப்போது காட்டுவீர்கள்? நஷ்டம் வந்தால் யாருக்கு எவ்வளவு?

பதிலை எழுத்தில் வாங்குங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்வது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். எழுதக் கேட்டால் உறவு முறியும் என்று தயங்காதீர்கள். எழுதாமல் விட்டதால்தான் உறவுகள் முறிகின்றன!