ஒரு சவலைக் குட்டிக்கு முன்பணம்



திருவனந்தபுரத்திற்கு நாங்கள் மாற்றலாகி வந்த புதிதில், வீட்டு வாயில்களில் ‘பட்டி உண்டு, சூக்ஷிக்குக’ என்று எழுதித் தொங்கும் பலகைகளைக் கண்டு சற்றே திகைத்ததுண்டு. பட்டி என்றால் நமக்கு ஆட்டுப் பட்டி, மாட்டுப் பட்டி. இல்லையேல் கோவில்பட்டி, உசிலம்பட்டி. மலையாளத்திலோ அச்சொல் நாயைக் குறிக்கும். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட வீட்டிற்கு இது நல்ல பாடந்தான். அந்தப் பலகையை நம் வாயிலிலும் தொங்கவிட வேண்டும் என்று எட்டாம் வகுப்பில் பயிலும் எங்கள் மகள் அடம்பிடித்தாள். பலகை மட்டும் போதாதா என்று கேட்டுப் பார்த்தோம். போதவில்லை.

எந்த நாய் என்பதில் எங்களுக்குள் விவாதமே எழவில்லை. தென்பாண்டிச் சீமையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையம் நாயைத் தவிர வேறொன்று மனத்தில் தோன்றுமா? 2005ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்காக வெளியிட்ட நான்கு தபால் தலைகளுள் ஒன்று அதற்கு உரியது. அந்தத் தபால் தலை எங்களிடம் இருக்கிறது. ஊரை விட்டு வெளியே வாழ்பவனுக்கு இத்தகைய பொருள்களின்மேல் ஏற்படும் பற்று சற்று அளவு கடந்தது என்பதை நேயர்களில் பலர் தம் அனுபவத்திலேயே அறிவீர்கள். வேட்டைக்கும் காவலுக்குமென வளர்ந்த, இரண்டு அடிக்கும் மேல் உயரும் ஓர் இனம், கரமனையில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டிற்கு ஏற்றதா என்று முதலில் எண்ணியிருக்க வேண்டும். எண்ணவில்லை. நல்ல வேளையாகத் தென்னை நிற்கும் பின்கட்டு ஒன்று இருக்கிறது, சுற்றுச்சுவரும் இருக்கிறது.

பலராமபுரத்திற்கு அப்பால் ஒருவர் வீட்டில் ராஜபாளையம் நாய் எட்டுக் குட்டிகளை ஈன்றிருப்பதாகச் செய்தி வந்தது. குட்டிகளுக்கு அன்று ஐந்தாம் நாள். உடனே புறப்பட்டோம். அது பிழை என்பதைப் பின்னர்தான் உணர்ந்தோம். கண் திறவாத குட்டிகளைக் காண வெளியார் செல்லலாகாது. நாய்க்குட்டிகளைக் கூட்டமாய் மாய்க்கும் பார்வோ என்னும் நச்சுயிரி செருப்பிலும் ஆடையிலும் ஒட்டிக்கொண்டு வரக்கூடியது. அவ்வீட்டுக்காரர் எங்கள் செருப்பை வாயிலிலேயே விடச் சொல்லி, கைகளைச் சோப்பிட்டுக் கழுவச் செய்தார். நல்ல மனிதரிடந்தான் வந்திருக்கிறோம் என்ற எண்ணம் அப்போதே தோன்றியது.

தாயின் வயிற்றோடு ஏழு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன. எட்டாவது, சற்று விலகி, ஒரு சாக்கின் மடிப்பில் தனியே கிடந்தது. மற்றவை ஒவ்வொன்றும் பிறந்தபோது 400 கிராமுக்குமேல் இருந்தனவாம், இது 260. ஐந்தாம் நாள் காலையில் தராசில் வைத்தபோது 290. நம் ஊரில் இப்படிப்பட்டதைச் சவலை என்போம். மகள் அதை உள்ளங்கையில் ஏந்தினாள். பிறகு நடந்தது என்னவென்று விவரிக்க வேண்டியதில்லை. அது சற்றே குளிர்ந்திருந்தது என்று மட்டும் அவள் சொன்னாள்.

“மற்ற ஏழுக்கும் ஆள் கேட்டிருக்கிறார்கள். இதற்கு விலை பாதி. இரண்டாயிரம் அட்வான்ஸ் தந்தால் உங்கள் பெயருக்கு எழுதி வைக்கிறேன். திருப்பிக் கேட்கக் கூடாது, சார்” என்றார் அவர். அதிலும் அவர் நேர்மையானவரே. குட்டி பிழைக்கும் என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டுத் திரும்பினோம்.

அலுவலகத்தில் ‘ரிசர்வ்’ என்னும் சொல் வந்தால் ஒதுக்கீடு என்று எழுதுவோம். ரயில் என்றால் முன்பதிவு. உயிருள்ள ஒன்று, அதுவும் அடுத்த வாரம் இருக்குமா என்று தெரியாத ஒன்று, அதற்கு இவ்விரண்டில் எது பொருந்தும்? அன்றிரவு நெடுநேரம் இதைப் பற்றித்தான் பேசினோம். சொல் கிடைக்காததற்குக் காரணம் செயலே தெளிவில்லாமல் இருந்ததுதான்.

மறுநாள் அரசு கால்நடை மருத்துவமனையில் ஒரு மருத்துவரைக் கண்டு கேட்டோம். அவர் சொன்னவற்றை நேயர்களுக்கும் சொல்வது பயன்படும். பிறந்த குட்டி தன் உடலின் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாது. முதல் வாரத்தில் நடுங்கக்கூட அதற்குத் தெரியாது. சிறிய குட்டி விரைவில் குளிர்கிறது. குளிர்ந்த குட்டி உறிஞ்சும் வலுவை இழக்கிறது. உறிஞ்சாத குட்டிக்கு இரத்தத்தில் சர்க்கரை குறைகிறது. வலிய உடன்பிறப்புகள் அதைத் தள்ளிவிட்டுப் பால் குடிக்கின்றன. இவ்வளவும் ஒரே இரவில் நிகழ்ந்துவிடலாம். இரக்கத்தால் நாம் உடனே பால் புகட்ட முற்படுகிறோம். அது பெருந்தவறு. குளிர்ந்த குட்டியின் வயிறு பாலைச் செரிக்காது; முதலில் மெல்ல மெல்ல வெப்பமூட்ட வேண்டும், பால் பிறகுதான். அப்பாலும் பசும்பாலாக இருத்தல் ஆகாது. நாயின் பாலில் உள்ள கொழுப்பும் புரதமும் பசும்பாலில் உள்ளதைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்டவை. அதற்கென விற்கும் பால்மாவே ஏற்றது. நாள்தோறும் எடை பார்க்க வேண்டும். நல்ல குட்டி தன் எடையில் 100க்கு 5 முதல் 10 பங்கு வரை நாள்தோறும் கூடும். எங்கள் சவலையோ நான்கு நாளில் 30 கிராமே கூடியிருந்தது. கணக்கு மகளுக்கும் புரிந்தது. அவள் எதுவும் பேசவில்லை.

மற்றொரு செய்தியையும் மருத்துவர் சொன்னார். எங்களை மிகவும் கலக்கியது அதுவே. வெள்ளை நிறமே மிகுந்த இனங்களில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. உட்செவியில் நிறமிச் செல்கள் இல்லாமையால் அங்குள்ள நுண்ணிய உறுப்பு, பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துபோகிறது. டால்மேஷன் நாய்களை அமெரிக்காவில் சோதித்தபோது, ஒரு காதோ இரு காதுமோ கேளாதவை 100க்கு ஏறக்குறைய 30 இருந்தன. ராஜபாளையத்திலும் இக்குறை காணப்படுகிறது. எல்லாக் குட்டிகளுமே பிறக்கும்போது காதுத் துளை மூடியவைதாம். இரண்டு வாரத்திற்குப் பின்னரே அது திறக்கும். ஐந்தாம் நாளில் காது கேட்குமா என்று எந்த வல்லுநராலும் கூற இயலாது. பின்னரும், இரு காதும் கேளாவிடில் ஓசையெழுப்பி ஒருவாறு அறியலாம். ஒரு காது மட்டும் கேளாவிடில் கைதட்டிப் பார்ப்பதால் தெரியாது. அதற்கு மூளையின் மின்னலையை அளக்கும் சோதனை வேண்டும். அதுவும் ஐந்து வாரம் ஆன பின்னரே.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்பது எங்கள் தொழில்வழிப் பழக்கம். 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2017இல் நாய் இனவிருத்திக்கும் விற்பனைக்கும் தனி விதிகள் வந்தன. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெறாதவர் இத்தொழிலை நடத்தலாகாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது. இது வெறும் அலுவலக விதியன்று. அவ்வெட்டு வாரங்களில் தாயும் உடன்பிறப்புகளும் கற்பிப்பதை, பின்னர் நாம் எத்தனை பிஸ்கட்டு கொடுத்தாலும் கற்பிக்க முடியாது. எட்டு வாரத்திற்குப் பின்தான் குட்டி கைக்கு வரும் என்றால், ஐந்தாம் நாளில் எதற்குப் பணம்? தில்லியிலும் புனேயிலும் உள்ள நம்மவர் சிலர் கைப்பேசியில் வரும் படத்தைப் பார்த்தே இங்ஙனம் பணம் அனுப்பிவிடுகின்றனர். பிறகுதான், ரயிலில் நாயை உடன் கொண்டுசெல்ல முதல் வகுப்பில் தனியறை முழுவதையும் எடுக்க வேண்டும், இல்லையேல் அது கார்டு பெட்டியின் கூண்டில் வர வேண்டும் என்னும் செய்தியே அவர்களுக்குத் தெரிகிறது. சிறுத்த நாயையே ‘டீ கப் நாய்’ என்று புதுப் பெயரிட்டுக் கூடுதல் விலைக்கு விற்பாரும் நகரங்களில் உளர். அப்படி ஓர் இனம் கிடையாது.

ஆக, அறிவு கூறிய விடை எளிது. பணம் தராதே, எட்டு வாரம் பொறு, அப்போது உயிரோடும் நலத்தோடும் இருப்பனவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்.

எங்களில் ஒருவர் எட்டாம் மாதத்தில் பிறந்தவர். தென்காசியில், பஞ்சில் பொதிந்து, விளக்கின் அருகே கிடத்தி, பாலைத் திரியில் நனைத்துப் புகட்டி வளர்த்த பிள்ளை என்று மூத்தோர் கூறுவர். அவர் அதுவரை வாய் திறக்கவில்லை. பிறகு ஒன்றே கேட்டார்: “எட்டு வாரம் நாம் பொறுக்கலாம். அது பொறுக்குமா? ஆள் இல்லாத குட்டிக்கு யார் இரவில் எழுந்திருப்பார்கள்?”

இதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. ஏழு குட்டிக்கும் ஆள் இருக்க, எட்டாவதன்பொருட்டுப் பால்மாவு வாங்கி, இரண்டு மணிக்கு ஒருமுறை விழித்தெழ அந்த மனிதருக்கு என்ன கட்டாயம்? முன்பணம் என்பது விலையின் ஒரு பகுதி என்றுதான் எண்ணியிருந்தோம். அக்குட்டிக்கு ஒருவர் இருக்கிறார் என்று சொல்லும் அடையாளமும் அதுவே என்பது அப்போதுதான் விளங்கிற்று.

ஆறாம் நாளே மீண்டும் தொலைபேசியில் பேசி, ஒரு தாளில் உடன்பாடு எழுதினோம். இரண்டாயிரம் ரூபாய் பால்மாவுக்கும் வெப்ப விளக்குக்கும் உரியது. குட்டி இறந்தாலும் திருப்பிக் கேட்கமாட்டோம். காலைதோறும் எடையைக் குறித்து அனுப்ப வேண்டும். எட்டு வாரம் தாயோடு இருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் அவர் உடனே இசைந்தார். காது கேளாவிடில் உடன்பாடு செல்லாது என்று ஒரு வரியும் எழுதியிருந்தோம். எழுதிய எங்களையே அது இரண்டு நாள் உறுத்திற்று. கரமனையில் எங்கள் தெருவிற்குள் பேருந்து வருகிறது. செவிடான நாயை ஒரு கணமும் கட்டவிழ்த்து விட முடியாது. கைச்சாடையால் பழக்கலாம் என்றாலும் பதினைந்து ஆண்டு பொறுப்பு அது. இவ்வளவும் உண்மை. ஆயினும் அவ்வரி இருக்கும்வரை நாங்கள் பதிவு செய்தது குட்டியை அன்று, பின்வாங்கும் உரிமையைத்தான். அப்படியானால் எட்டு வாரம் பொறுத்திருப்பதே யோக்கியமானது. அவ்வரியை அடித்துவிட்டு மூவரும் கையெழுத்திட்டோம். மகளின் கையெழுத்துச் சட்டப்படி செல்லாது. அது அவளுக்குத் தெரியாது.

மாநகராட்சி உரிமத்திற்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்து வைத்திருக்கிறோம். தடுப்பூசி நாள்களும் நாட்காட்டியில் குறித்தாகிவிட்டன. ஒன்பதாம் நாள் எடை குறைந்தது. அன்றிரவு இங்கே எவரும் சரியாக உண்ணவில்லை. பதின்மூன்றாம் நாள் ஒரு கண் திறந்தது, மறுநாள் மற்றொன்று. நேற்றோடு 24 நாள், 910 கிராம். உடன்பிறந்தவை எல்லாம் இரண்டு கிலோவை எட்டிவிட்டனவாம். இன்னும் பெயர் வைக்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை போகும்போது, அதன் முதுகுப்புறம் நின்று தட்டிப் பார்க்க எவர்சில்வர் தட்டு ஒன்றும் கரண்டி ஒன்றும் கொண்டுசெல்வதாக ஏற்பாடு. தட்டை யார் தட்டுவது என்பதில்தான் வீட்டில் இன்னும் முடிவு ஏற்படவில்லை.