வலிப்பு மாத்திரை: இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது?

(தாமல் பகுதி மகளிர் குழுக்களின் மாதாந்திரக் கூட்டத்தில் சமுதாய சுகாதார செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் பேசி முடிச்சிட்டீங்க. நான் பேசப்போறது நம்ம வீடுகளில் வாய்விட்டுப் பேசாத விஷயம், வலிப்பு நோய். பெண்ணுக்கு வலிப்பு இருக்குன்னு தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்னு மறைக்கிறோம். கல்யாணம் ஆனதும் மாமியார் பார்த்துடுவாங்கன்னு மாத்திரையையே நிறுத்திடறோம். உயிருக்கு ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்குது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வரலாம்.

ஒரு செய்தி சொல்றேன், கேட்டுக்குங்க. முன்பு இந்து திருமணச் சட்டத்திலேயே வலிப்பு நோயை ஒரு தடையாக எழுதி வைத்திருந்தார்கள். 1999-ல் அந்த வார்த்தையை எடுத்துவிட்டார்கள். சட்டமே மாறிடுச்சு, நம்ம மனசுதான் இன்னும் மாறலை.

மூளையில் ஓடும் மின் ஓட்டத்தில் திடீரென்று ஏற்படும் கோளாறுதான் வலிப்பு. பேயும் இல்லை, சாபமும் இல்லை, ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை. சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் பத்து பேரில் ஏழு பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழ முடியும்.

ஒரு மாத்திரை கூடினால் என்ன?

எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி, தறி வேலை செய்கிறவர். ஃபெனிடாயின் மாத்திரை தினமும் மூன்று சாப்பிட்டு வந்தார். ஊர்த் திருவிழா நேரத்தில் நாலு நாள் மாத்திரையை விட்டுவிட்டார், வலிப்பு வந்துவிட்டது. வீட்டில் பயந்துபோய், டாக்டரைக் கேட்காமலே மூன்றை நாலாக்கினார்கள். இரண்டு மூன்று வாரத்தில் நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. தறியில் உட்கார்ந்தால் பாவில் ஒரு இழை இரண்டு இழையாகத் தெரிந்தது. வேப்பிலை அடிக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது மருந்தின் அளவு 30-க்கு மேலே இருந்தது. 10 முதல் 20 வரைதான் இருக்கணும். டாக்டர் அளவைக் குறைத்த பிறகு மறுபடி தறியில் உட்கார்ந்தார்.

கூட்டினது ஒரே ஒரு மாத்திரைதானே, எப்படி இவ்வளவு ஏறியது? நம்ம தாமல் ஏரியை நினைச்சுப் பாருங்க. மதகில் ஓரளவு தண்ணீர்தான் போகும். வரத்து அதைவிடக் கொஞ்சம் கூடினாலும் மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். ஃபெனிடாயினை உடம்பிலிருந்து கழிப்பது கல்லீரல். அதுக்கும் மதகு மாதிரி ஒரு எல்லை உண்டு. எல்லையைத் தொட்டபின் சின்னக் கூடுதலும் பெரிய ஏற்றமாகிவிடும். அதனால்தான் டாக்டர்கள் இந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரத்தத்தில் அளவும் பார்க்கிறார்கள்.

இந்த மருந்து 1938-ல் இருந்து வலிப்புக்குப் பயன்படுகிறது. விலை குறைவு, நல்ல மருந்து. பயப்படவேண்டியது மருந்துக்கு இல்லை, நாமாகக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும்தான்.

எப்போது பார்க்கணும்?

எல்லோரும் மாதாமாதம் பார்க்க வேண்டியதில்லை. வலிப்பும் இல்லை, தொந்தரவும் இல்லைன்னா பணத்தை வீணாக்க வேண்டாம். கீழ்க்கண்ட நேரங்களில் டாக்டரிடம் கேளுங்க:

1. ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு வந்தால்.
2. தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, ஓயாத தூக்கம் இருந்தால்.
3. ஃபெனிடாயின் அளவை மாற்றி இரண்டு மூன்று வாரம் ஆனபின்.
4. காசநோய் மருந்து போல வேறு மருந்து சேர்த்தால். ஒரு மருந்து இன்னொன்றை ஏற்றும், இறக்கும்.
5. கல்லீரல், சிறுநீரகக் கோளாறு இருந்தால்.
6. கர்ப்பமானால். கர்ப்ப காலத்தில் சில மருந்துகளின் அளவு இரத்தத்தில் இறங்கிவிடும்.

இரத்தம் கொடுக்கும் முறையும் முக்கியம். பொதுவாகக் காலை மாத்திரை சாப்பிடுவதற்கு முன்னால் கொடுக்கணும். மாத்திரையைக் கையோடு எடுத்துட்டுப் போங்க, இரத்தம் எடுத்த உடனே சாப்பிடுங்க. முந்தைய மாத்திரை எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க. இரத்தம் கொடுக்கிற நாளுக்காக மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டுப் போகாதீங்க, அது நம்மையே ஏமாற்றுவது.

இந்தப் பரிசோதனை எல்லா லேபிலும் கிடையாது. வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்கிறார்கள். சில லேப்கள் இரத்தம் எடுத்து வெளியே அனுப்பும். முதலில் டாக்டரிடம் சீட்டு வாங்குங்க.

எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. அளவு 9 இருந்தும் வலிப்பே வராமல் நன்றாக இருப்பவர்கள் உண்டு. சத்துக் குறைவான பெண்களுக்கு இரத்தத்தில் புரதம் குறைவு. அவர்களுக்கு ஃபெனிடாயின் அளவு குறைவாகக் காட்டினாலும் மருந்து போதுமான அளவு வேலை செய்துகொண்டிருக்கலாம். வால்புரோயேட் மருந்துக்கு இந்த எண் அவ்வளவாக உதவாது. ஆளையும் எண்ணையும் சேர்த்துப் பார்ப்பவர்தான் டாக்டர்.

பெண்கள் தனியாகத் தெரிந்துகொள்ள

ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டோன் சாப்பிடுகிறவர்களுக்கு மாலா-டி போன்ற கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம். காப்பர்-டி-க்கு அந்தப் பிரச்சினை இல்லை. வால்புரோயேட் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. அதைச் சாப்பிடுகிற பெண்கள் குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே டாக்டரிடம் பேசணும். ஃபோலிக் ஆசிட் எப்போது ஆரம்பிக்கணும்னும் கேளுங்க. ஆனால் பயந்துபோய் நீங்களாக எதையும் நிறுத்தாதீங்க. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலிப்பு உள்ள கர்ப்பிணிகளை 1998 முதல் பதிவு செய்து கவனித்து வந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நல்ல குழந்தைகளைப் பெற்றெடுத்தவர்கள்தான்.

குழு என்ன செய்யலாம்?

சேமிப்புக்குப் பாஸ்புக் வைத்திருக்கிற நாம், மாத்திரைக்கும் ஒரு நோட்டு போடலாம். சாப்பிட்ட நேரம், வலிப்பு வந்த தேதி, இரத்தப் பரிசோதனை அளவு, இந்த மூன்றும் போதும். பரிசோதனைச் செலவுக்கு உள்கடனில் முன்னுரிமை கொடுக்கத் தீர்மானம் போடுங்க. தனியாகப் போகப் பயப்படுகிற உறுப்பினருடன் இன்னொருவர் கூடப் போங்க. குழித்தறி, அடுப்பு, சாயம் காய்ச்சும் இடம், ஏரிக்கரை, இங்கெல்லாம் அவரைத் தனியாக விடாதீங்க.

யாருக்காவது வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்க. கையில் சாவிக்கொத்து வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் 108-ஐக் கூப்பிடுங்க.

கூட்டம் முடிஞ்சதும் நான் கொஞ்ச நேரம் இங்கேதான் இருப்பேன். எல்லோர் முன்னாடியும் கேட்கத் தயங்குறவங்க தனியாக வந்து கேளுங்க. உங்க பேர் வெளியே போகாது.